கன்றுக்குட்டிக்கு ஒரு அத்தியாயம்

தான் எழுதிய நாவல் அச்சுக்குப் போக இரண்டே நாள் இருக்கும்போதுதான் அன்செல்முக்கு அது உறைத்தது. அதில் வரும் அண்ணன், மீசை முதல் இருமல்வரை அவனுடைய சொந்த அண்ணன் லியோன்ஸேதான்!

கதை என்னவோ விவிலியத்தில் உள்ளதுதான். ஊரைச் சுற்றிவிட்டு வெறுங்கையோடு திரும்பும் தம்பிக்கு அப்பா கொழுத்த கன்றை அடித்து விருந்து வைக்கிறார். வயலிலிருந்து வரும் அண்ணன் பொருமுகிறான். அன்செல்ம் அதை இந்தக் காலத்துக்கு, பிரான்சில் கொரேஸ் பக்கத்து மாட்டுப் பண்ணைக்குக் கொண்டுவந்திருந்தான். அங்கேதான் லியோன்ஸ் கன்று வளர்க்கிறான். அப்பா அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டு, தம்பியைப் பாரிஸுக்குப் படிக்க அனுப்பியவன். அவன் மனம் நொந்தால் அன்செல்முக்கு ஊர் என்று போய் நிற்க வேறு இடமில்லை.

முதலில் மீசையை எடுத்தான்.

பதிப்பகத்து சொலாஞ்ச் போனில் குதித்தாள். "மீசை போனதும் அந்தாளு கடுகடுப்பு பளிச்சுனு தெரியுதுங்க. பிரமாதம்!"

பதறிப்போய் அண்ணனின் பேச்சையெல்லாம் வெட்டினான்.

"இப்ப வாயே திறக்காம முறைக்கிறாருங்க. இன்னும் பயமா இருக்கு! ஆனா நடுவுல இருபது பக்கம் காலியாயிடுச்சே?"

அதை நிரப்பக் கன்றுக்கு ஒரு அத்தியாயம் கொடுத்தான். விருந்தில் எல்லாரும் தின்றார்கள், ஆடினார்கள். கன்றை யாரும் நினைக்கவில்லை. மறுநாள் காலையில் தம்பி மட்டும் காலித் தொழுவத்துக்குப் போய், "எல்லாம் உன்னாலதான். நன்றி" என்கிறான். எழுதும்போது ஏனோ அன்செல்முக்குக் கண் கலங்கியது.

சொலாஞ்சுக்கும் கலங்கியது. அட்டையிலேயே கன்றுக்குட்டியைப் போட்டுவிட்டாள்.

"அம்மா தாயே, எங்கண்ணன் கன்னு வளர்க்கிறவரு! கடையில மொதல்ல இதத்தான் எடுப்பாரு!"

"நல்லதுதானே, ஒரு பிரதி வித்துடும்."

நவம்பரில் ஊர்ப் புத்தகச் சந்தை. கையெழுத்துப் போட உட்கார்ந்திருந்த அன்செல்முக்கு முன்னால் வந்து நின்றான் லியோன்ஸ். கக்கத்தில் புத்தகம், கண்ணெல்லாம் சிவப்பு. தம்பியின் தோளை வலிக்கும்படி ஒரு பிடி பிடித்தான். அப்படியே திரும்பிக் காப்பிக் கடைப் பக்கம் போய்விட்டான்.

"அண்ணி, சத்தியமா அந்த அண்ணன் இவரு இல்ல!" என்று அன்செல்ம், கூட வந்திருந்த லியோன்ஸின் மனைவி ஒதிலின் கையைப் பிடித்துக்கொண்டான். "மீசையக்கூட எடுத்துட்டேன்!"

"அந்தச் சிடுமூஞ்சியவா சொல்ற? 'யாருடி இவன்'னு அவனைத் திட்டிகிட்டேதான் படிச்சாரு. 'அந்தக் கன்னுக்குட்டி நான்தான், முப்பது வருஷம் கழிச்சாவது தம்பி தொழுவத்துக்கு வந்து நன்றி சொல்லிட்டான்'னு நாலு நாளா அழுதுகிட்டிருக்காரு!"