உபயம் எழுதிய எம்ப்ளிபயர்

பழைய சாமான் எதைக் கண்டாலும் முதலில் துடைத்துவிட்டு, பிறகுதான் அது என்னவென்று பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. இந்தப் பழக்கத்தால் என் அக்காவின் கல்யாணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கால் மணி நேரம் நின்றுபோயிருந்தது. அந்தக் கால் மணி நேரத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. புளத்கொகுபிட்டியவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெக்டரியில் எலக்ட்ரீஷியன் வேலை. போனில் வீடியோ பார்த்துக் கிட்டார் பழகியிருந்தேன். (சுரங்களைச் சேர்த்து மீட்டும் கோர்ட் நான்கு தெரியும். ஏழு தெரியும் என்று வெளியில் சொல்லிக்கொள்வேன்.) பழைய வால்வு எம்ப்ளிபயரில் வாசித்தால்தான் கிட்டாருக்குக் குரல் வரும், மற்றதெல்லாம் தகர டப்பா என்று அந்த வீடியோக்காரர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். அன்றிலிருந்து எனக்கு வால்வுப் பைத்தியம் பிடித்தது.

அப்படி ஒன்று எங்கள் கோயில் சாமான் அறையிலேயே கிடந்தது. முன்னொரு காலத்தில் திருவிழாவுக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போட்ட எம்ப்ளிபயர். புதிய செட் வந்த பிறகு அதன்மேல் சாம்பிராணித் தட்டு வைத்திருந்தார்கள். கோயில் தலைவரிடம் கேட்டதும், அறை காலியானால் போதும் என்று உடனே கொடுத்துவிட்டார். கோயில் பொருளை வீட்டுக்குக் கொண்டுவந்தால் அப்பா திட்டுவார் என்பதால், அதை நேராக டவுனுக்குத் தூக்கிப்போனேன். அங்கே என் கூட்டாளி நிமல் ரேடியோ, டிவி திருத்தும் கடை வைத்திருந்தான். சிங்களப் பையன். தமிழ் நன்றாகப் பேசுவான், ஆனால் ஓர் எழுத்துகூட வாசிக்கத் தெரியாது.

இரண்டு மாதம் பாடுபட்டோம். ஊதிப்போன கண்டென்சர்களை மாற்றினோம். மைக் வரும் இரண்டு வழியில் ஒன்றைக் கிட்டாருக்கு ஏற்றபடி திருத்தினோம். குழாய் ஸ்பீக்கருக்கென்று செய்த அவுட்புட்டைப் பெட்டி ஸ்பீக்கருக்கு மாற்றினோம். இதில் எனக்கு மூன்று தடவை ஷாக் அடித்தது. கடைசியில் ஒருநாள் வால்வுகள் செம்மஞ்சளாக ஒளிர, முதல் கோர்டை அடித்தேன். சத்தம் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்தது. நிமல் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினான். அந்த வேலையில் எந்தக் குறையும் இல்லை என்பதை இன்றைக்கும் சொல்வேன்.

குறையெல்லாம் வெளித்தோற்றத்தில்தான். எம்ப்ளிபயரின் முகப்பு சாம்பல் நிறம். அதில் ஏதோ தமிழில் எழுதியிருந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே தின்னர் ஊற்றித் தேய்த்துவிட்டேன். பிறகு கறுப்புப் பெயிண்ட் அடித்து, குறுக்கே சிவப்பில் ஒரு மின்னல் வரைந்து, அதன் கீழே ஆங்கிலத்தில் ‘தண்டர்’ என்று எழுதினேன். (அப்போது எனக்கு அது மிகப்பெரிய கற்பனையாகத் தெரிந்தது.)

இந்த நேரத்தில் புஷ்பா அக்காவுக்கு வரன் வந்தது. மாப்பிள்ளை குருவிட்டையில் மொத்த வியாபாரம் செய்யும் மணி முதலாளியின் மகன். முதலாளியின் அப்பா ஒரு காலத்தில் எங்கள் தோட்டத்தில்தான் கடை வைத்திருந்தாராம். பேச்சு முடிக்க வந்த அன்று, தேத்தண்ணி குடித்துக்கொண்டே முதலாளி அப்பாவிடம் கேட்டார்.

“எங்கப்பா ஒரு நேர்த்திக்காக இந்தக் கோயிலுக்கு மைக் செட்டு ஒண்ணு வாங்கிக் குடுத்தாருங்க. பேரெல்லாம் எழுதியிருக்கும். இன்னும் இருக்குங்களா?”

“இருக்குங்க முதலாளி. பரிசத்தன்னைக்கு அதையே கட்டிருவோம்” என்றார் அப்பா, அது எங்கே இருக்கிறது என்று தெரியாமலே. எனக்குத் தேத்தண்ணி மூக்கில் ஏறியது.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரு வாரம் இருக்கிறதே, பழையபடி எழுதி வைத்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்று என் மூளை சொன்னது. நிமலின் கடைக்கு ஓடினேன். எதைக் கழற்றினாலும் முதலில் போனில் படம் எடுத்து வைப்பது நிமலின் வழக்கம். முகப்பையும் எடுத்திருந்தான். ஆனால் ஃபிளாஷ் போட்டு எடுத்ததில் பாதி எழுத்தின்மேல் வெளிச்சம் விழுந்திருந்தது. மேல் வரியில் ‘உபயம்: பெ. வேலாயுதம்’ என்பது தெளிவாக இருந்தது. கீழ் வரியில் முதலில் ஒரு வெள்ளைத் திட்டு, பிறகு ‘ந்த மகன் முத்துக்கருப்பன்’, பிறகு மறுபடியும் வெள்ளைத் திட்டு.

நான் படித்தவன் அல்லவா, யோசித்தேன். ‘ந்த’ என்று முடிகிறது. நேர்த்தி என்கிறார். முதலாளியின் பெயரோ மணி. அப்படியானால் முதலாளிக்கு ஓர் அண்ணன் இருந்து சிறுவயதிலேயே தவறியிருக்க வேண்டும். பாவம், அந்தப் பிள்ளையின் ஞாபகமாகத்தான் அவர் அப்பா இதைக் கொடுத்திருக்கிறார். இப்படி நானே ஒரு கதையைக் கட்டி, நானே கண்கலங்கி, நிமலுக்கும் சொல்லி அவனையும் கலங்க வைத்தேன். முகப்புக்கு மறுபடியும் சாம்பல் பெயிண்ட் அடித்தோம். நான் கடதாசியில் எழுதிக்கொடுத்ததைப் பார்த்து நிமல் படம் வரைவதுபோல ஒவ்வொரு எழுத்தாக வரைந்தான். அச்சுப் போல இருந்தது. அந்த வாரம் முழுவதும் மழை. பெயிண்ட் காயாமல் பிசுபிசுத்தது.

பரிசத்தன்று தோட்டத்து மண்டபத்தில் மேசை போட்டு, எம்ப்ளிபயரை மஞ்சள் துணியால் மூடி வைத்திருந்தேன். கிட்டாரும் பக்கத்தில் தயார். நிமல் இஸ்திரி போட்ட சட்டையுடன் வந்து நின்றான். மாப்பிள்ளை வீட்டார் தட்டுகளைக் கொண்டுவந்து வைத்ததும், அப்பா பெருமையோடு முதலாளியை மேசைக்கு அழைத்துவந்தார். நான் துணியை எடுத்தேன்.

முதலாளி முதலில் திருகுகளைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் வாசித்தார். இரண்டே வரிக்கு இவ்வளவு நேரமா, அழுகிறார்போல என்று நினைத்தேன்.

“தம்பி, முத்துக்கருப்பன் யாருன்னு தெரியுங்களா?”

“உங்க அண்ணன்ங்க. சின்ன வயசுல தவறிப்போன...”

“எனக்கு அண்ணன் கெடையாது தம்பி. என்னோட பதிவுப் பேருதான் அது. மணிங்கிறது வீட்டுல கூப்புடுற பேரு.”

முகப்பில் அழகான எழுத்தில் இருந்தது: ‘மறைந்த மகன் முத்துக்கருப்பன் நினைவாக’.

பத்து வருடம் பிள்ளை இல்லாமல் இருந்து பிறந்தவராம் அவர். அந்தச் சந்தோஷத்தில்தான் அவருடைய அப்பா எம்ப்ளிபயர் வாங்கிக் கொடுத்து, ‘பிறந்த மகன் முத்துக்கருப்பன் பேரில்’ என்று எழுத வைத்திருக்கிறார். இதை அவர் நிதானமாகச் சொல்லி முடிப்பதற்குள் முதலாளியின் மனைவி எழுந்து நின்றார். நல்ல காரியம் பேச வந்த இடத்தில் என் புருஷனுக்குச் சாவு எழுதி வைத்திருக்கிறார்கள் என்று சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்தது. தட்டுகளை எடுக்கச் சொன்னார். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“மொகத வுணே?” என்று நிமல் பதற்றத்தில் சிங்களத்திலேயே என் காதில் கேட்டான். என்ன நடந்தது என்று அவனுக்குச் சொல்லும்போதுதான் நான் செய்தது எனக்கே முழுதாகப் புரிந்தது. எல்லாருக்கும் கேட்கும்படி உண்மையைச் சொன்னேன். வாசிக்காமல் அழித்தது, மின்னல் வரைந்தது, தண்டர் என்று பெயர் வைத்தது, ஊகித்து எழுதியது, ஒன்றையும் விடவில்லை. யாரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டுப் பெண்மணி ஒருவர் தட்டை எடுக்கக் கையை வைத்துவிட்டார்.

அப்போது உள்ளறைத் திரையை விலக்கிக்கொண்டு அக்கா வந்தாள். பட்டுச் சேலை, தலை நிறையப் பூ. கையில் நகப்பூச்சு அழிக்கும் போத்தலும் ஒரு பிடி பஞ்சும். யார் முகத்தையும் பார்க்காமல் மேசைக்கு நேராக நடந்தாள்.

“மாமா, கொஞ்சம் நகந்துக்கிறீங்களா” என்றாள்.

முதலாளி நகர்ந்தார். அக்கா பஞ்சை நனைத்து, ‘மறைந்த’ என்ற சொல்லைத் தேய்த்தாள். காயாத பெயிண்ட், அப்படியே வந்துவிட்டது. பிறகு ‘நினைவாக’ என்பதையும் தேய்த்தாள். சாம்பல் நிறமும் சேர்ந்து கரைந்து, இரண்டு பக்கமும் கறுப்பில் என் சிவப்பு மின்னல் துண்டு துண்டாக எட்டிப்பார்த்தது. நடுவில் ‘மகன் முத்துக்கருப்பன்’ என்பது மட்டும் மிஞ்சியது. மேலே அவருடைய அப்பாவின் பெயர்.

மிச்சத்தை இப்போதே சரியாக எழுதிவிடுகிறேன் என்று நான் பிரஷைத் தேடினேன்.

“வேணாம் தம்பி” என்றார் முதலாளி. “அப்பா பேரு இருக்கு, நான் இருக்கேன். அது போதும்.” பிறகு மனைவியிடம் திரும்பி, “உக்காரு. எனக்கு உயிர் குடுத்த மருமகள விட்டுட்டு எங்க போறது?” என்றார்.

அந்த அம்மா உடனே உட்காரவில்லை. அக்காவின் கையைப் பிடித்து, பெயிண்ட் அப்பிய விரல்களைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டார். அதன் பிறகு உட்கார்ந்தார். தட்டு மாற்றினார்கள். அப்பா அப்போதுதான் மூச்சு விட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

எம்ப்ளிபயரைப் போடச் சொன்னார் முதலாளி. வால்வுகள் சூடேறும்வரை குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் கிட்டாரை எடுத்தேன். தெரிந்த நான்கு கோர்டில் இரண்டு மறந்துபோயிருந்தது. அவர் மெல்ல மேசையில் இருந்த மைக்கை எடுத்தார்.

“மறைந்த முத்துக்கருப்பன் பேசுறேன். எல்லாரும் சாப்புட வாங்க.”

அவர் மனைவி அவருடைய தோளில் ஓர் அடி வைத்தார். அப்புறம்தான் மண்டபமே சிரித்தது. நிமல்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான்.

எம்ப்ளிபயர் மறுபடியும் கோயிலுக்குப் போய்விட்டது, தலைவர் ஒரு கண்ணாடி அலுமாரியே செய்து வைத்தார். எங்கள் இரண்டு வீட்டிலும் பத்திரிகை, பதாகை, பிறந்தநாள் கேக் எதிலும் பெயர் எழுதிக்கொடுக்கும் வேலை எனக்குக் கிடையாது. மணி முதலாளி மட்டும் அன்றிலிருந்து எனக்கு எப்போது போன் எடுத்தாலும் “மறைந்த முத்துக்கருப்பன் பேசுறேன் தம்பி” என்றுதான் ஆரம்பிப்பார்.

இதைக் கேட்டே வளர்ந்தவள் அக்கா மகள். போன மாதம் பாலர் பாடசாலையில் தாத்தா பெயர் கேட்டிருக்கிறார்கள். “மறைந்த முத்துக்கருப்பன்” என்று மூச்சு விடாமல் சொல்லியிருக்கிறாள். டீச்சர் பாவம், பிள்ளையை மடியில் உட்கார வைத்து ஆறுதல் சொல்லி, ஒரு பிஸ்கட்டும் கொடுத்திருக்கிறார். மறுநாள் அவளைக் கூட்டிப்போக வாசலில் குடையோடு வந்து நின்ற பெரியவரைப் பார்த்து, தாத்தாதான் தவறிவிட்டாராமே, நீங்கள் யார் என்று கேட்டாராம்.

முதலாளி குடையை மடக்கினாராம். “அவருதாங்க நான்” என்றாராம்.