பகல் தாலாட்டுக்கு ஒரு ஸ்டாண்டு

பாண்டிச்செல்வி பாய்ந்து பிடித்திருக்காவிட்டால் விளக்கு ஸ்டாண்டு நேராக உலகம்மாளின் மூக்கில் இறங்கியிருக்கும்.

உலகம்மாளின் குறட்டை ஒரு கணம் நின்றது. பாண்டிச்செல்விக்கு உயிரும் கூடவே நின்றது. பிறகு குறட்டை மறுபடி கிளம்பியது.

சுங்குவார்சத்திரத்து அந்த வாடகை அறையில் சட்டம் ஒன்றே ஒன்றுதான். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குகிறவளை எழுப்பினால், எழுப்பியவள் ஒரு மாதம் கக்கூஸ் கழுவ வேண்டும். சட்டம் போட்டவளே உலகம்மாள்தான். கல்லுக்கு இரக்கம் வந்தாலும் அவளுக்கு வராது என்று அறையே நம்பியது.

பாண்டிச்செல்விக்கோ வேறு வழியில்லை. ஃபேக்டரி ஆண்டு விழாவில் பாட ஆசைப்படுகிறவர்கள் சொந்தப் பாட்டைப் பாடி வீடியோ அனுப்ப இன்றுதான் கடைசி நாள். கம்பெனி பஸ் வருவதற்குள் அனுப்பியாக வேண்டும். உள்ளே போய்விட்டால் போன் லாக்கருக்குப் போய்விடும். அவள் பாட்டு, நைட் ஷிப்ட் பெண்களைப் பகலில் தூங்கவைக்கும் தாலாட்டு. லைனில் ஸ்க்ரூ முடுக்க முடுக்க வரிவரியாக வந்தது. அதை மேடையில் பாடுவதாகக் கனவு காணாத நாள் கிடையாது. அடுத்த வருஷம் கான்ட்ராக்ட் இருக்குமோ, இருக்காதோ!

ஜன்னலில் போர்வை கட்டியிருந்தது. மத்தியான வெயில் அதில் வடிகட்டி இறங்கியதில், அறை குளத்துக்கு அடியில் கிடப்பதுபோல் மங்கலாக மிதந்தது. விளக்கு இல்லாமல் முகம் தெரியாது.

ஸ்டாண்டு விற்ற கன்னியப்பனுக்கு போன் போட்டாள்.

"அண்ணாச்சி, லைட்டு ஸ்டாண்டு நிக்க மாட்டேங்கு," என்று கிசுகிசுத்தாள்.

"இன்னாமா? கேக்கல! சத்தமா பேசு!"

"பேச முடியாது அண்ணாச்சி."

"அப்பவே சொன்னேன்ல? மைக்குக்கு மட்டும் கனமா இரும்பு அடி வெச்சத எடுத்துக்கின. லைட்டுக்கு ஒசரத்தப் பாத்து எடுத்துக்கினு போய்ட்ட. அடில வெயிட்டே இல்லாங்காட்டி எப்டி நிக்கும்?"

உண்மைதான். உயரத்தைப் பார்த்து மாப்பிள்ளை முடிக்கிறவர்களைப் போலத்தான் அவளும் முடித்திருந்தாள்.

"இப்ப என்ன செய்யதுக்கு?"

"ஃபேன நிறுத்து. காலுங்கள நல்லா அகட்டி வை. நடுக்கம்பில வெயிட்டு எதனா தொங்கவுடு."

ஃபேனை நிறுத்தினாள். உலகம்மாளுக்கு வியர்த்தது, புரண்டாள். பாண்டிச்செல்வி ஸ்டாண்டின் கால்களை அகட்டினாள். அதில் ஒன்று உலகம்மாளின் பாய்க்குள் போய் உட்கார்ந்தது. வெயிட்டுக்கு அலமாரியில் இருந்த அரிசிப் பையை மாட்டினாள். ஸ்டாண்டின் திருகாணி பையைக் கிழித்தது. சரசரவென்று கொட்டிய அரிசியில் பாதி, தூங்குகிறவளின் தலையில் அட்சதையாக விழுந்தது.

"அண்ணாச்சி, அரிசி கொட்டிட்டு."

"அரிசியா? மணலு கட்டணும்மா! சரி, ஜன்னலாண்ட எதுலயாவது இஸ்து கட்டு."

துப்பட்டாவால் ஸ்டாண்டை இழுத்துக் கட்டினாள். அவள் கட்டியது ஜன்னல் கம்பியில் அல்ல, போர்வை தொங்கிய கொடிக்கயிற்றில். கயிறு அறுந்தது, போர்வை விழுந்தது. நல்ல வெயில் உலகம்மாளின் முகத்தில் அடித்தது.

பாண்டிச்செல்வி கண்ணை மூடிக்கொண்டாள். கக்கூஸ் வாடை இப்போதே அடித்தது.

உலகம்மாள் முனகினாள். முகத்தைத் திருப்பினாள். அவள் கால் ஒன்று நீண்டு வந்து, சரியாக ஸ்டாண்டின் கால்மேல் விழுந்தது. இனி ஸ்டாண்டை நகர்த்தவும் முடியாது.

"சுடலைமாடா," என்று பாண்டிச்செல்வி வாய்விட்டே வேண்டினாள், "பாட்டு முடியுத மட்டும் இத நிக்க வையி. உனக்கு ஒரு தேங்கா ஒடைக்கேன்."

ஜன்னலில் போர்வையைச் செருகிவிட்டு ரெக்கார்டை அழுத்தினாள்.

'வெயிலே கொஞ்சம் தள்ளி நில்லு, விடிய விடிய விழிச்ச கண்ணு...'

என்ன ஆச்சரியம், ஸ்டாண்டு அசையவில்லை! குறட்டையும் அடங்கியது. தாலாட்டு வேலை செய்கிறது என்று அவளுக்கு மனம் பூரித்தது. ஹைவே லாரிகளின் இரைச்சல் எங்கோ தூரத்தில் கடலாக ஒலித்தது. சுவர் விலகி மேடையானது, விரித்த பாயெல்லாம் ஜனமானது. கடைசி வரியில் தன் குரல் இவ்வளவு அழகா என்று அவளுக்கே அழுகை வந்தது.

வீடியோ போய்ச் சேர்ந்தது. வெளியே பஸ் ஹாரன் அடித்தது. அவள் ஸ்டாண்டைத் தொட்டுக் கும்பிட்டாள்.

"மாடா, காப்பாத்திட்ட. ஞாயித்துக்கெழம தேங்கா உண்டு."

கண்ணைத் திறக்காமலே உலகம்மாள் சொன்னாள்:

"ஏட்டி, அந்தத் தேங்காய எனக்குச் சட்னி அரைச்சுக் குடு, ஸ்டாண்ட அமுக்கிப் பிடிச்சு மரத்துப் போனது மாடன் காலு இல்ல, என் காலு."