அவர் படத்துக்கு மாட்டின பல்பு

பெருமதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

தங்கை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் சுகத்தைப் பற்றி எழுதினால் பொய் சொல்ல வேண்டிவரும் என்பதால் அந்த வரியை விட்டுவிட்டேன். நிற்க. தாங்கள் சொன்னபடியே, காலமான என் வீட்டுக்காரர் விட்டுப்போன பட்டறையில் இருக்கும் பிரஸ் மெஷினை விற்றுவிட முழுமனதோடு சம்மதிக்கிறேன். வாங்குகிறவரை எப்போது வேண்டுமானாலும் அழைத்து வரலாம்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் தாங்கள் நடுவில் புகுந்து "நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா" என்பீர்கள், நான் அழுவேன், அண்ணி போனைப் பிடுங்கி அவளும் அழுவாள், கடைசியில் விஷயம் போன இடம் தெரியாது. காகிதம்னா குறுக்கே பேசாது பாரு, அதான் எழுதறேன்.

அந்த மெஷின் செய்யற வேலை உனக்குத் தெரியும். ஃபேன் மூடிக்குள்ள பேரிங்கை வச்சா, மேல இருக்கிற கனமான தலை இறங்கி ஒரே அழுத்தா அழுத்தும். தலையை ஏத்தி இறக்கறது ஒரு சர்வோ மோட்டார். அதுக்குள்ள ஒரு பிரேக் உண்டு. நம்ம வண்டி பிரேக் மாதிரி மிதிச்சா பிடிக்கிற ஜாதி இல்லை, எல்லாம் தலைகீழ். கரண்ட் கொடுத்தா விடும், கரண்ட் போனா கவ்விக்கும். மெஷினை அணைச்சப்புறம் தலை தொபுக்கடீர்னு விழாம பிடிச்சு வைக்கறதுதான் அதோட ஒரே வேலை. இதையெல்லாம் அவர் சாப்பிடும்போது சொல்லிக்கிட்டே இருப்பார். நான் "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா"ன்னு கேட்டுக்கிட்டே இருப்பேன். காதுல வாங்கினாத்தானே!

அவர் போனப்புறம் அவர் படத்தைக் கொண்டுபோய் மெஷினோட மின்பெட்டிக்கு மேல மாட்டினேன். அந்த மூலையோ கும்மிருட்டு, மனுஷன் முகமே தெரியலை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டா இன்னைக்கு வரேன், நாளைக்கு வரேன்னு இழுத்தடிச்சான். சரிதான் போடா, நானும் ஒரு பட்டறைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவதானேன்னு பெட்டியைத் திறந்தேன். இருபத்தி நாலு வோல்ட்னு சீட்டு ஒட்டின ரெண்டு ஒயர் கைக்கு எட்டின தூரத்துல இருந்துச்சு. லாரிக்குப் போடற பல்பும் இருபத்தி நாலு வோல்ட்தானே? வாங்கிட்டு வந்து முறுக்கி விட்டேன், எரிஞ்சுது. அதுல ஒரு அதிசயம் அண்ணா. மெஷின் ஓடினா எரியும், நிறுத்தினா அணையும். காலையில ஸ்விட்ச் போட்டதும் அவர் முகம் பளிச்சுன்னு வேலைக்கு வந்துடும். சாயங்காலம் என்னோடயே அவரும் வேலையை முடிச்சுப்பார். வெட்கத்தை விட்டுச் சொல்றேன், மெஷினை ஓட்டறதே அவர்தான்னு நினைச்சுக்கிட்டேன்.

ஒரு பல்போட விட்டேனா? ஆசை யாரை விட்டது, சட்டத்தைச் சுத்தி வரிசையா லாரி பல்பு மாட்டினேன். எங்க ஆபரேட்டர் மீசைக்காரர் பார்த்துட்டு, "அம்மா, முதலாளி இருந்தப்பகூட இவ்வளவு பிரகாசமா இருந்ததில்லை"ன்னார்.

அப்புறம் பிடிச்சுது சனியன். மோட்டார் கொதிக்குது, கருகல் நாத்தம் வேற. மீசைக்காரர் எலி மாட்டிச் செத்திருக்கும்னு அடிச்சுச் சொன்னார். ரெண்டு பேருமா அலமாரியை நகர்த்தி எலி தேடினோம். எலி கிடைக்கலை, எப்பவோ தொலைஞ்சுபோன அவரோட மூக்குக்கண்ணாடி கிடைச்சுது. அதைத் துடைச்சு வச்சுக்கிட்டு ஒரு பாட்டம் அழுதேன், அன்னைக்கு வேலை கெட்டுது. அடுத்து, மேலே ஏத்தி நிறுத்திட்டுப் போன தலை காலையில வந்து பார்த்தா கீழே உட்கார்ந்திருக்கும். "முதலாளி வந்து பார்த்துட்டுப் போறார்ம்மா"ன்னார் மீசைக்காரர். நானும் ஆமாம்னேன். பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்க இன்னொரு பைத்தியம்!

போன செவ்வாய்க்கிழமை ஒரு மூடி மாட்டிக்கிச்சு. மெஷினை அணைச்சுட்டு மீசைக்காரர் அதை எடுக்கக் கையை உள்ளே விட்டார். தலை சத்தமே இல்லாம வழுக்கி இறங்குது. நான் கத்தின கத்துல அவர் கையை உருவிட்டார். சட்டைக்கை மட்டும் மாட்டி, பட்டன் பொடிப்பொடியாப் போச்சு. அவர் சிரிச்சுக்கிட்டே விரலை ஒவ்வொண்ணா எண்ணிப் பார்த்தார். மூணு பொண்ணுங்களைப் பெத்தவர் அண்ணா. அந்தக் கை போயிருந்தா எந்த முகத்தோட அந்த வீட்டுப்படி ஏறுவேன்?

சர்வீஸ்காரர் வந்தார். பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இந்த அலங்காரமெல்லாம் யார் பண்ணினது?"

"நான்தாங்க."

"அம்மா, இது பிரேக்குக்குப் போற ஒயர். அதோட கரண்ட்டை உங்க பல்பெல்லாம் பங்கு போட்டுக்கிச்சு. பிரேக் முழுசா விடாம, பாதி பிடிச்சபடியே மோட்டார் சுத்தி, எல்லாம் தேய்ஞ்சு போச்சு, இப்போ அணைச்சாலும் அதால தலையைப் பிடிக்க முடியலை. பிரேக்குக்குன்னா தனி சப்ளை, அதைப் போட்டு அணைக்கத் தனி ரிலே. வேற எதையும் அதுல தொங்க விடக்கூடாது. புது பிரேக்கா இருந்தாலும் அதை நம்பிக் கையை விடாதீங்க. தலைக்குக் கீழே கட்டையை முட்டுக் கொடுத்துட்டுத்தான் விடணும்."

சொல்லிக்கிட்டே பல்பையெல்லாம் பிடுங்கினார். படம் இருட்டாயிடுச்சு. அவர் ரெண்டாந்தரம் செத்த மாதிரி இருந்துச்சு அண்ணா. அவர் முகத்தைப் பார்க்கணும்ங்கற ஆசையில ஒருத்தர் கையை எடுக்கப் பார்த்தவ நான். எனக்கு எதுக்கு மெஷின்? வித்துடு. நான் உங்க வீட்டுக்கே வந்து ஒரு மூலையில கிடக்கறேன்.

அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகள் எல்லாச் செல்வமும் பெற்று நீடூழி வாழ ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புத் தங்கை

பின்குறிப்பு: வாங்கறவரைக் கூட்டிட்டு வராதே. கவரை ஒட்டறதுக்குள்ள சர்வீஸ்காரர் திரும்ப வந்து புது மோட்டாரை பிரேக்கோட மாட்டி, என் மூஞ்சியைப் பார்த்துப் பாவப்பட்டு, ஒரு பல்புக்கு மட்டும் சுவர்லேர்ந்து தனியா லைன் கொடுத்துட்டார். "இனிமே எப்பவும் எரியும்மா"ன்னார். எரிஞ்சுது. மெஷின் நின்னுக்கிட்டிருக்கு, அவர் பாட்டுக்குச் சிரிச்சுக்கிட்டு இருக்கார். வேலை நின்னா அவரால சிரிக்க முடியுமா? அது வெறும் படம்தான் அண்ணா. பல்பை அணைச்சுட்டேன். அப்புறம் தலைக்கு முட்டுக் கொடுத்திருந்த கட்டையை எடுத்துட்டு, மெஷினை நானே போட்டேன். ஒரு மூடி அடிச்சேன். நல்லா அழுதேன். அழுதுக்கிட்டே அடுத்ததையும் அடிச்சேன்.