ஒன்பது புகார்க் கடிதங்களும் அப்பாவின் கையெழுத்தும்

அன்பும் மரியாதையும், ஓரத்தில் கொஞ்சம் பயமும் கலந்து அப்பாவுக்கு எழுதிக்கொள்வது.

முதலில் ஒரு முக்கிய அறிவிப்பு. நம் வீட்டுக் குளியலறைக் குழாய், நீங்கள் ஜெர்மனிக்கு விமானம் ஏறிய அதே வாரத்தில் சொட்ட ஆரம்பித்து, இரண்டு வருடம் நான்கு மாதம் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காமல் பணியாற்றிய அந்தக் குழாய், சென்ற செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணியளவில் சொட்டுவதை நிறுத்திக்கொண்டது. கடைசிச் சொட்டின்போது குடும்பத்தார் மூவரும் அருகில் இருந்தோம். அடியில் வைத்திருந்த வாளிதான் பாவம், வேலை போன வருத்தத்தில் இருக்கிறது.

மற்றபடி நான், அம்மா, உங்கள் செல்ல மகள் நண்டு எல்லோரும் நலம். நண்டுக்கு ஏழு வயது நிரம்பி, முன்பற்கள் இரண்டும் விழுந்து, சிரித்தால் கதவு திறந்த வீடு போலத் தெரிகிறாள். அங்கே நீங்களும் உங்கள் வெல்டிங் மெஷினும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கையால் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று யோசிப்பீர்கள். என் போன் தற்போது அம்மாவின் பீரோவில் துணிகளுக்கு நடுவே ஓய்வெடுத்துக்கொண்டிருக்கிறது. கண்ணுக்கு நல்லது என்று நானே மனமுவந்து ஒப்படைத்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். விசா அலுவலகத்தில் நடந்ததை அம்மா உங்களிடம் முழுதாகச் சொல்லியிருக்க மாட்டாள். "ஏதோ பேப்பர் கேட்டாங்க, குடுத்துட்டோம்" என்று போனில் அவள் சொன்னது என் காதிலும் விழுந்தது. அந்த "ஏதோ பேப்பர்" என்ற இரண்டு சொல்லுக்குள் ஒரு போரே நடந்து முடிந்திருக்கிறது அப்பா. தளபதி யார் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

அன்றைக்குக் காலை எட்டரைக்கே போய், ஒன்றோடொன்று ஒட்டிப் பிறந்த இரும்பு நாற்காலிகளில் உட்கார்ந்து, ஏசி குளிரில் நண்டு என் சட்டைக்குள் பாதி நுழைந்து, பன்னிரண்டு மணிக்கு எங்கள் டோக்கன் எண் திரையில் வந்தது. கவுண்டரில் கண்ணாடித் தடுப்புக்கு உள்ளே, கண்ணாடி போட்ட ஓர் அக்கா. ஆக இரண்டு கண்ணாடி தாண்டித்தான் அவர் நம்மைப் பார்க்க முடியும். கண்ணாடி அக்கா நான்கு பாஸ்போர்ட் விவரங்களையும் வரிசையாகப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார்.

"நாலு பேருக்கு மூணு குடும்பப் பேர் இருக்கே. யாருக்கு யாரு என்ன வேணும்?"

"இவன் என் பையன், இவ என் பொண்ணு, அங்க இருக்கறது இவங்க அப்பா" என்றாள் அம்மா.

"அது உங்களுக்குத் தெரியும்மா. ஃபைலுக்குத் தெரியணும்ல."

அவர் சொன்னதிலும் தப்பில்லை. உங்கள் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் தாத்தா பெயர். அம்மா கல்யாணத்துக்கு முன்னால் எடுத்த பாஸ்போர்ட்டை அப்படியே புதுப்பித்துக்கொண்டு வந்ததால் அதில் அவளுடைய அப்பா பெயர். எனக்கும் நண்டுக்கும் உங்கள் பெயர். நம் ஊர்க் கணக்கில் இது சுத்தமான ஒரே குடும்பம். வெளியூர்க்காரர் கண்ணுக்கு, ஒரு பெரியவர், அவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு பெண்மணி, இருவருக்கும் சம்பந்தமில்லாத இரண்டு பிள்ளைகள், எல்லோரும் ஏதோ பஸ் ஸ்டாப்பில் சந்தித்துக்கொண்டு ஜெர்மனிக்குக் கிளம்பியது போலத் தெரிகிறது. பிறப்புச் சான்றிதழை நீட்டினோம். அதில் என் பெயருக்கு முன்னால் ஒற்றை இனிஷியல். அந்த ஓர் எழுத்துக்குப் பின்னால் யார் ஒளிந்திருக்கிறார் என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். நீங்கள் அங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், தொழிற்சாலையில் எல்லோரும் தாத்தா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு நீங்கள் திரும்பியே பார்க்கவில்லை என்று சொல்லிச் சிரித்தீர்களே, அன்றைக்கே நாம் உஷாராகியிருக்க வேண்டும்.

பதினான்கு நாள் அவகாசம் கொடுத்தார்கள். இவர்கள் சேர்ந்து வாழ்ந்த குடும்பம்தான் என்பதற்கு ஆதாரம், போட்டோ, கடிதம், எதுவானாலும் சரி. தவறினால் ஃபைல் மூடப்படும், மறுபடி முதலிலிருந்து விண்ணப்பம், மறுபடி வரிசை, குறைந்தது இன்னொரு வருடம். பஸ்ஸில் வரும்போது அம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போதுதான் வாயைத் திறந்தாள். "பதினேழு வருஷம் குடும்பம் நடத்தினதுக்கு இப்ப ரசீது கேக்கறாங்க."

இன்னொரு வருடம் என்றால் எனக்கொன்றும் இல்லை அப்பா, நான் கல் நெஞ்சன். ஆனால் நண்டு சமாச்சாரம் வேறு. நீங்கள் போகும்போது அவளுக்கு ஐந்துகூட ஆகவில்லை. வீடியோ காலில் உங்களை மார்பு வரைதான் பார்த்திருக்கிறாள். அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது, "அப்பாவுக்குக் கால் இருக்கா?" என்று கேட்டாள். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அடுப்படிக்குள் போனாள். அந்த நிமிடம் முடிவு செய்தேன். நம் நாலு பேரும் ஒரே குடும்பம் என்று நிரூபிக்காமல் இந்தத் தலை தலையணையில் சாயாது. (சாய்ந்தது. ஆனால் மனம் சாயவில்லை.)

முதலில் போட்டோ வேட்டை. பரண் மேலிருந்து மூன்று ஆல்பங்கள், ஒரு பிஸ்கட் டின். மொத்தம் இருநூற்றுப் பதினோரு படங்கள். இதில் நாம் நாலு பேரும் ஒன்றாக இருக்கும் படம் எத்தனை? பூஜ்யம். ஏனென்றால் படம் எடுத்ததெல்லாம் நீங்கள். உங்களுக்குக் கேமராவை இன்னொருவர் கையில் கொடுக்க மனசே வராது. பதினான்கு படங்களில் மூலையில் உங்கள் கட்டைவிரல் இருக்கிறது. ஆறு படங்களில் தரையில் உங்கள் நிழல் நீண்டு வந்து எங்கள் காலைத் தொடுகிறது. இதை வைத்தே வழக்காடலாம் என்றேன். "விரலுக்கெல்லாம் விசா தர மாட்டாங்க" என்றாள் அம்மா.

அடுத்து முக்குரோட்டு ஸ்டுடியோக்காரரிடம் போனேன். பாஸ்போர்ட் படத்தைக் கொடுத்தால் குடும்பத்தில் சேர்த்துத் தருவதாகச் சொன்னார். சேர்த்தும் தந்தார். யாரோ ஒருவரின் கோட்டுக்குள் உங்கள் தலை, விடைத்த கழுத்து, கைதி போல நேர் பார்வை. எங்கள் நிழல் எல்லாம் இடப் பக்கம் விழ, உங்களுக்கு மட்டும் வலப் பக்கம் தனி வெயில். இடுப்புக்குக் கீழே அம்மாவின் நாற்காலி மறைத்துவிட்டதால் கால் விஷயத்தில் நண்டின் சந்தேகம் இன்னும் வலுத்துவிட்டது. அம்மா அதை வாங்கி நாலாகக் கிழித்தாள். "பொய்ப் படத்தைக் காட்டிப் போய்ச் சேரணும்னா, போகவே வேண்டாம்" என்றாள். எனக்கு என்னவோ போலானது. ஏன் என்று இப்போது கேட்காதீர்கள்.

மூன்றாவதாக, கீழ்வீட்டு ஓனரிடம் ஒரு கடிதம் கேட்டோம். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டி, ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுதினார். அதன் சாரம் இது: மேற்படியார்கள் பதினொரு வருடமாக என் மாடியில் குடியிருக்கும் ஒரே குடும்பத்தினர், மேற்படி பையன் என் மோட்டார் சுவிட்சின் மேல் "ஷாக் அடிக்கும்" என்று எழுதி ஒட்டியதில் நான் மூன்று நாள் குளிக்கவில்லை, மேற்படி தகப்பனார்தான் வந்து மன்னிப்புக் கேட்டார், இதுபோல் பல முறை கேட்டிருக்கிறார், பெற்ற தகப்பனாக இல்லாவிட்டால் யாரும் இத்தனை முறை கேட்க மாட்டார்கள்.

கடைசி வரியைப் படித்ததும் என் மண்டைக்குள் டியூப்லைட் இரண்டு முறை மினுக்கி எரிந்தது. மாடிக்கு ஓடினேன். என் மேஜை அடி டிராயரில், பள்ளியிலிருந்து இதுவரை வந்த புகார்க் கடிதங்கள் ஒரு பச்சை உறைக்குள் பத்திரமாக இருந்தன. ஒன்பது. ஒவ்வொன்றிலும் தேதி, பள்ளி முத்திரை, "மேற்கண்ட மாணவனின் தந்தை" என்ற அச்சிட்ட வரி, அதன் மேல் கையெழுத்து. இதைவிட வேறென்ன ஆதாரம் வேண்டும் அப்பா? தலைமையாசிரியர் நாற்காலியில் "பழுது, உட்காராதீர்" என்று சீட்டு ஒட்டி, அவர் ஒரு வாரம் நின்றுகொண்டே கையெழுத்துப் போட்ட வழக்கு அதில் இருக்கிறது. பள்ளி கேட்டில் "இன்று விடுமுறை" பலகை மாட்டி, இரண்டு வகுப்புகளும் ஓர் ஆசிரியரும் வீடு திரும்பிய வழக்கு இருக்கிறது. நாற்காலி வழக்கில் நீங்கள் வந்து தலைமையாசிரியர் முன்னால் என்னை அவ்வளவு திட்டினீர்கள். திரும்பும்போது ஸ்கூட்டரில் உங்கள் தோள் குலுங்கியது பின்னால் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியாது என்றா நினைத்தீர்கள்?

பத்தாம் நாள் பச்சை உறையோடு போய் நின்றோம். கண்ணாடி அக்கா முதல் கடிதத்தைக் கடமைக்குப் படித்தார். இரண்டாவதை நிமிர்ந்து உட்கார்ந்து படித்தார். நாற்காலிக் கடிதத்தில் அவர் கண்ணாடி மூக்கிலிருந்து இறங்கிவிட்டது. உள்ளே போய் இன்னோர் அதிகாரியை அழைத்து வந்து அவருக்கும் காட்டினார். பிறகு ஒன்பதையும் எண்ணி, ஃபைலில் சேர்த்து, முத்திரை குத்தினார். "இத்தனை தடவை ஸ்கூலுக்கு வந்திருக்கார்னா அப்பாதான்" என்றார்.

ஆகவே, பார்த்துக்கொள்ளுங்கள். நான் செய்த ஒவ்வொரு சேட்டையும் தொலைநோக்குத் திட்டம். எதிர்த்த வீட்டு முதல் ரேங்க் பையனுக்கு நாளைக்கு இப்படி ஒரு நிலைமை வந்தால் காட்டுவதற்கு என்ன இருக்கிறது? அவன் அப்பா பள்ளி வாசலையே மிதித்ததில்லை. எந்தக் கஷ்டம் வந்தாலும் நாங்கள் வந்து சேர்ந்தே தீருவோம். தினமும் நாற்பது ஜெர்மன் வார்த்தைகள் படிக்கிறேன், முப்பத்தைந்தை மறக்கிறேன், கணக்குப்படி லாபம்தான். ஒரே ஒரு சங்கடம். அங்கே பள்ளியில் என்னையும் குடும்பப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள் போலிருக்கிறது. அதாவது நான் எது செய்தாலும் வகுப்பில் எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கப்போவது உங்கள் பெயர். முன்கூட்டியே வருந்துகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். குளிருக்குக் காதை மூடிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அம்மா என்னைத் திட்டுகிறாள். நண்டு முத்தம் ஒன்றும், விழுந்த பல் ஒன்றும் இத்துடன் அனுப்பியிருக்கிறாள். பல் உறைக்குள் இருக்கிறது. முத்தம் எங்கே ஒட்டியிருக்கிறது என்று தெரியவில்லை, தேடி எடுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
குடும்பத்தை ஒன்று சேர்த்த உங்கள் மூத்த மகன்

பின்குறிப்பு: அம்மா இதை முழுக்கப் படித்தாள். பேனாவை, மூடியைக் கழற்றி, என் கையில் திருப்பிக் கொடுத்தாள். அதனால் கொஞ்சம் எழுத வேண்டியிருக்கிறது.

முத்திரை குத்தி நாலாம் நாள் கண்ணாடி அக்கா மறுபடி கூப்பிட்டார். நான் மாலை போடுவார்கள் என்ற நினைப்பில் தலை சீவிக்கொண்டு போனேன். அவர் நான்கு கடிதங்களைத் தனியே எடுத்து மேஜையில் பரப்பியிருந்தார்.

"இந்த நாலு தேதியிலயும் உங்க அப்பா ஜெர்மனில வேலை பாத்திருக்கார். அதே தேதியில இங்க கையெழுத்தும் போட்டிருக்கார். எப்படிப்பா?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான்தான் போட்டேன் என்றேன். தேதியைப் பார்க்காமல் ஒன்பதையும் மொத்தமாக அள்ளிக்கொண்டு போன தளபதியும் நான்தான். அம்மா போடலாமே, ஏன் நீ போட்டாய் என்று அக்கா கேட்டார்.

"அம்மாகிட்ட நீட்டினா, அப்பா இருந்தா இப்படிப் பண்ணுவியான்னு கேப்பாங்க. அதான் அப்பாவே இருக்கட்டும்னு போட்டுட்டேன்."

நண்டு கண்ணாடித் தடுப்பில் மூச்சு விட்டுப் படம் வரைந்துகொண்டிருந்தாள். அக்கா ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளி, சொன்னதை அப்படியே எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். தலைமையாசிரியரிடமும் போய் ஒப்புக்கொண்டு, அவரிடமும் ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்துவிட்டேன். அவர் உட்கார்ந்துகொண்டுதான் எழுதினார். போன் பீரோவுக்குப் போனதும் அன்றைக்குத்தான். என் மனம் உவக்கவில்லை.

இப்போது ஃபைலில் உங்கள் நிஜக் கையெழுத்து ஐந்து இருக்கிறது. முடிவு தன் கையில் இல்லை என்றும், நடந்தது தெரியும் என்று நீங்கள் ஒரு கடிதம் எழுதி, மாதிரிக் கையெழுத்து மூன்று போட்டு, இருபதாம் தேதிக்குள் அனுப்பினால் மேலே சொல்லிப் பார்ப்பதாகவும் அக்கா சொன்னார். இத்துடன் வைத்திருக்கும் தாளில் போடுங்கள். வழக்கமாக அவசரத்தில் போடுவீர்களே, அதே மாதிரி போடுங்கள். அழகாகப் போட்டால் நான் போட்டது என்று நினைத்துவிடுவார்கள்.

மன்னித்துவிடுங்கள் அப்பா. கல் நெஞ்சன் என்று மேலே எழுதியிருப்பதை அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். பேனாவால் அடித்தால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். பத்தாவது புகார்க் கடிதம் எப்போது வரும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. ஆனால் அது எந்த மொழியில் வந்தாலும் கையெழுத்து நீங்கள்தான் போட வேண்டும். நேரில் வந்து.