உலாவிய வரலாறு

எழுத்துக் கூட்டி வாசிக்கிறவனைப்போல ஆபத்தான ஆள் கிடையாது. வாசிக்கவே தெரியாதவன் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுக்கொள்வான். படித்தவன் தானே புரிந்துகொள்வான். எழுத்துக் கூட்டுகிறவன் கேட்கவும் மாட்டான், புரிந்துகொள்ளவும் மாட்டான். யாரையும் குறை சொல்லவில்லை. என்னைத்தான் சொல்கிறேன்.

இரண்டாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. வாத்தியார் பிரம்பை எடுத்த அன்று ஓடியவன், ரப்பர் தோட்டத்தில் போய்த்தான் நின்றேன். நாற்பது வருடம் பால் வெட்டினேன். வாசிப்பெல்லாம் பின்னால் வந்தது. சபையில் வேதப்புத்தகம், மார்த்தாண்டம் ஜங்ஷனில் பஸ் போர்டு. (பஸ் போர்டிலும் பாதி மலையாளம். ஒருதடவை இரணியல் என்று நினைத்து ஏறி, நெய்யாற்றின்கரையில் போய் இறங்கினேன். கையில் ஒரு கோழி வேறு. அதைச் சொல்லப் போனால் இந்தக் கதை நின்றுவிடும்.)

போன், மகன் ஜெபராஜ் சவுதியிலிருந்து லீவுக்கு வந்தபோது தந்தது. அப்பாவுக்கு இங்கிலீஷ் வராதே என்று பாசத்தோடு அதை முழுக்கத் தமிழுக்கு மாற்றிவைத்தான். ஆங்கிலத்திலேயே இருந்திருந்தால் நான் அதைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

அவன் மனைவி ஷீபா தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அரசாங்க வேலைக்கான பரீட்சையை இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் நூல் அளவில் போய்விட்டது. வயது கணக்குப்படி அடுத்ததுதான் கடைசி. அவளுடைய பழைய போனில் பரீட்சைக்காரர்களின் இணையப் பக்கம் திறக்காது. அதனால் ஜெபராஜ் லீவு முடியும் முன்னே என் போனில் விண்ணப்பம் போட்டான். நம்பர் கேட்ட இடத்தில் தன் நம்பரைக் கொடுத்தான். பிறகு சவுதிக்குப் போய்விட்டான்.

இனி என் பக்கத்துக் கதை. எனக்குச் சுகர். தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். ஒருநாள் தவறாமல் போனேன். வீட்டிலிருந்து முந்நூறு அடியில் டீ குடிக்க ஒரு சாயக்கடை. அதோடு என் நடை முடிந்துவிடும். மிச்ச நேரமெல்லாம் பழம்பொரி. ஏத்தன்பழத்தை நீளவாக்கில் கீறி, மாவில் முக்கி, எண்ணெயில் விட்டதும் ஒரு மணம் வரும் பாருங்கள், அதைத் தாண்டி நடக்கிற மனுஷன் இருந்தால் அவனைப் பார்க்க எனக்கு ஆசை.

பரீட்சைக்கு முந்தைய நாள் காலை. வாரம் முழுக்க ஷீபாவுக்கு டூட்டிமேல் டூட்டி. ஹால் டிக்கெட் எடுக்கவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்குமேல் எடுக்க முடியாது. மூன்று மணிக்கு வந்து எடுக்கிறேன் என்று செருப்பை மாட்டினாள். பாஸ்வேர்ட் ஓர்மை உண்டா என்று என் மனைவி தங்கபாய் கேட்டாள்.

"எனக்கு எதுக்கு அத்தே ஓர்மை. எல்லாத்தையும் போனே ஓர்மை வச்சிருக்கும்" என்றாள் ஷீபா. பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்க எம்புட்டு உலாத்துனியன்னும் அதுல கெடக்கும் மாமா. சாயங்காலம் பாக்கேன். சனிக்கிழமை டாக்டரிட்ட காட்டணும்."

கையிலிருந்த தோசையைத் தட்டிலேயே வைத்தேன்.

தங்கபாய் பெண்கள் சங்கத்துக்குப் போனதும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனோடு உட்கார்ந்தேன். ஷீபா எப்போதும் அமுக்குகிற உருண்டைப் படத்தை அமுக்கினேன். ஓரத்தில் மூன்று புள்ளி. அதையும் அமுக்கினேன். கீழே கொட்டை எழுத்தில் நின்றது: உலாவல் தரவை நீக்கு.

உலாவல். எனக்கு வியர்த்துவிட்டது. உள்ளே போனால் 'உலாவிய வரலாறு'. நான் உலாவியதற்கு வரலாறே எழுதிவைத்திருக்கிறது. 'கடந்த நான்கு வாரங்கள்' என்று கணக்கு வேறு. அடுத்த வரியில் 'குக்கீகள்'. குக்கீ எனக்குத் தெரியும். மகன் கொண்டுவரும் நீல டப்பா பிஸ்கட்டை ஷீபா அப்படித்தான் சொல்வாள். ஆக, தின்றதையும் விடவில்லை. பழம்பொரிக்கு அதற்குப் பெயர் தெரியவில்லை போலிருக்கிறது. அடுத்தது 'சேமித்த படங்கள்'. வாயில் பழம்பொரியோடு நான் உட்கார்ந்திருக்கும் படமாகத்தான் இருக்கும்.

எல்லாவற்றிலும் டிக் போட்டேன். கடைசியாக ஒன்று இருந்தது. 'சேமித்த கடவுச்சொற்கள்.' மூன்று தடவை கூட்டினேன். கடவு, சொற்கள். நடுவில் ஒரு 'ள்'ளை விட்டுவிட்டார்கள் என்று முடிவு செய்தேன். கடவுள் சொற்கள். ஷீபாவுக்குத் தினமும் வருகிற வசனங்களாக இருக்கும். வேதவசனத்தை அழிக்கலாமா? ஆனால் அதற்குள்ளும் என் சங்கதி எதுவும் ஒளிந்திருந்தால்? கர்த்தரே, உம்முடைய வார்த்தை அலமாரியில் புத்தகமாகவே இருக்கிறது, இது அடியேனுக்கு அவசரம் என்று மனசில் சொல்லிவிட்டு அதையும் சேர்த்து அழித்தேன். சுத்தமாகிவிட்டது. அன்று மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.

மூன்றேகாலுக்கு ஷீபா வந்து போனை எடுத்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. பாஸ்வேர்டைக் கேட்கிறது, ஒன்றுமே இல்லை என்றாள். நான் என்ன செய்தேன் என்று கேட்டாள். சார்ஜில் கிடந்த சூட்டில் அழிந்திருக்கும் என்றேன். (அந்தப் பதிலை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.) ஆட்டோ பிடித்து ஜங்ஷனில் உள்ள நெட் சென்டருக்கு ஓடினோம்.

கடைக்காரன் ராஜனுக்கு நாற்பது வயது. அவன் அப்பனும் நானும் ஒரே தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நினைவில் உள்ள பாஸ்வேர்டைப் போட்டுப் பார், ஆனால் மூன்று தடவைதான் விடும் என்று ஷீபாவை கம்ப்யூட்டர் முன்னே உட்கார வைத்தான். என்னைக் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிப்போனான்.

"பாட்டா, இது தன்னால அழியாது. ஆளு இருந்து தொடச்சிருக்கு. வெக்கப்படாண்டாம், இங்க வாற பலரும் செய்யததுதான். எத்தன நாளா உண்டு இந்தப் பழக்கம்?"

கண்டுபிடித்துவிட்டான். சொல்லிவிட்டால் நெஞ்சு லேசாகும் என்று தோன்றியது. "டாக்டர் நடக்கச் சொன்னதுலேந்து மக்கா."

"தெவசமுமா? ஒருநாளும் விடாமலா?"

"தெவசம் ரெண்டு. மழைன்னா மூணு."

ராஜன் ஒரு எட்டு பின்னால் நகர்ந்தான். "தனிச்சா?"

"தனிச்சு என்ன சொகம் இருக்கு. நாலஞ்சு பேரு கூடியிருந்துதான். நம்ம சபை மூப்பரும் உண்டு. சூடா இருந்தாத்தான் அவரு தொடுவாரு."

தங்கபாய்க்கு மட்டும் தெரிய வேண்டாம் என்று கெஞ்சினேன். பெருமூச்சு விட்டபடி உள்ளே போனான். போகும்போது என் கை பட்ட தன் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். ஏன் என்று அப்போது விளங்கவில்லை.

உள்ளே இரண்டு தடவை தப்பாகிவிட்டது. மூன்றாவதும் தப்பானால் பூட்டிவிடும். ஷீபா கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"மாமா, சத்தியமாச் சொல்லுங்க. பாஸ்வேர்ட அழிச்சியளா?"

அப்படி ஒன்றை நான் கண்ணாலும் பார்க்கவில்லை என்றேன். அது உண்மை. உலாவல், பிஸ்கட், படம், கடைசியில் கடவுள் சொல், இவ்வளவுதான் அழித்தேன் என்றேன்.

"கடவுள் சொல்லா?" என்றான் ராஜன். திரையைத் திறந்து அந்த வரியைக் காட்டினான். நான் விரல் வைத்துக் கூட்டி வாசித்தேன். பாஸ்வேர்டுக்குத் தமிழில் அதுதான் பெயர் என்று அவன் சொன்னபோது, என் காலுக்குக் கீழே தரை இல்லை.

ஒரே வழிதான் இருந்தது. புது பாஸ்வேர்ட் கேட்டால் ஒரு நம்பர் வரும். அது ஜெபராஜின் போனுக்கு வரும். வேலையிடத்தில் அவன் போன் அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கும். அங்கே மூன்று மணிக்குச் சாயா குடிக்க விடுவார்கள். அப்போது நமக்கு ஐந்தரை. செய்தி அனுப்பிவிட்டு உட்கார்ந்தோம்.

ஐந்து. ஐந்தேகால். சுவர்க் கடிகாரத்தில் முள் நகரும் சத்தம் கேட்டது. ஷீபா அழவில்லை, அழுதிருந்தால் தேவலை. ஐந்து இருபதுக்கு, ஏன் மாமா அழிச்சிய என்று மட்டும் கேட்டாள். என்னால் தாங்க முடியவில்லை. பழம்பொரி முழுவதையும் சொல்லிவிட்டேன்.

ராஜன் மேசையில் தலையைக் கவிழ்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். "பழம்பொரியா பாட்டா? நான் வேற என்னவெல்லாமோ நெனச்சுப்போட்டேனே. மூப்பரக்கூட விடல்லியே நான்."

ஷீபா சிரிக்கவில்லை. "சுகரு கொறயல்லன்னு போன மாசம் டாக்டரிட்ட நான் சண்ட பிடிச்சேன் மாமா. மருந்து சரியில்லன்னு சொன்னேன். எங்க மாமா நாள் தவறாம நடக்காவன்னு சொன்னேன்."

அந்த நாற்காலியில் இருந்து எழுந்து எங்கே போவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஐந்தரை ஆயிற்று, போன் வரவில்லை. ஐந்து நாற்பது. நாற்பத்தைந்து. நாற்பத்தெட்டுக்கு ஜெபராஜ் கூப்பிட்டான். நம்பரைச் சொன்னான்; ஒரு எண் காதில் சரியாக விழாமல் மறுபடி சொன்னான். ஷீபா அடித்தாள், புது பாஸ்வேர்ட் போட்டாள், பக்கம் சுற்றிச் சுற்றி நின்றது. ஐந்து ஐம்பத்தாறுக்கு பிரிண்டர் கரகரவென்று காகிதத்தைத் தள்ளியது. ஷீபா அதைச் சூடு ஆறும் முன் நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். அழுகை அப்போதுதான் வந்தது. எனக்கும்.

மறுநாள் நாகர்கோவிலுக்கு அவளோடு நானும் போனேன். அவள் எழுதி முடிக்கும்வரை வாசலில் நின்றேன். இப்போது அவள் அரசாங்க ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். விரலைக் குத்தி என் சுகரை எடுப்பவளும் அவள்தான். கொஞ்சம் அழுத்தியே குத்துகிறாள்.

சங்கதி முழுவதும் தங்கபாய் காதுக்கும் போய்விட்டது. வீட்டில் தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம் உண்டு. பாட்டு முடிந்ததும் வேதபாகம் வாசிக்க வேண்டும். முன்னெல்லாம் வாசிப்பது நான்தான். இப்போது நான் கையை நீட்டினால், தங்கபாய் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு ஷீபாவிடம் கொடுப்பாள்.

"நீ வாசி பிள்ளே. மாமா கையில கொடுத்தா அழிச்சுப்போடுவாவ."