நண்டுப் படத்தில் நான் சாகடித்த மனுசன்

எனக்கு ஆங்கிலம் நன்றாக வரும். ஆனால் அதில் சந்தோசமாக ஒரு வரி எழுத வராது. முல்லைத்தீவில் பதினொரு வருடம் நிவாரண நிறுவனங்களுக்குத் திட்ட முன்மொழிவு எழுதிய கை இது. (கோழிக்கூடு கேட்டாலும் முதல் பந்தியிலேயே கண்ணீர் வரவேண்டும். அதுதான் தொழில்.)

இது தெரியாமல் கொக்கிளாய்க் கிராமத்து ஜெசிந்தா என்னிடம் வந்தாள். இரண்டு வருடமாக ஆங்கில வகுப்புக்குப் போகிறவள். கைபேசியில் பன்னிரண்டு நிமிடக் குறும்படம் எடுத்திருந்தாள். அவளுடைய அம்மா சந்தைக்குக் கொண்டுபோகும் நண்டுகள் பஸ்ஸுக்குள் கழன்று ஓடுகின்றன. அவ்வளவுதான் கதை. வயிறு நோகச் சிரித்தேன். கொழும்பில் ஒரு விழாவுக்கு ஆங்கிலத்தில் கதைச்சுருக்கம் அனுப்ப வேண்டும். அது பிடித்தால்தான் படத்தையே பார்ப்பார்கள். தெரிவானால் மேடையேறி ஆங்கிலத்தில் பேசலாம். அதற்காகக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகிக்கொண்டிருந்தாள், பாவம்.

“நான் எழுதினது பிழையாக் கிடக்கு. கொஞ்சம் வடிவாக்கித் தாங்கோ அக்கா.”

ஆறு வரி. பிழைகள் இருந்தன, ஆனால் நண்டு ஓடியது. பிழைகளைத் திருத்தியதோடு நான் நின்றிருக்கலாம். கை நிற்கவில்லை. நண்டு ‘இழந்த வாழ்வாதாரம்’ ஆனது. பஸ் ‘மீள்குடியேற்றப் பயணம்’ ஆனது. அம்மா தனியே நின்றால் உருக்கமாக இருக்குமென்று அவரை விதவையாக்கினேன். முடிவில் ‘உண்மைச் சம்பவம்’ என்றும் சேர்த்தேன். (நண்டு ஓடியது உண்மைதானே!)

ஜெசிந்தா அகராதியோடு வாசித்தாள்.

“அக்கா, இது சிரிப்புப் படமெல்லோ? வாசிக்க எனக்கே அழுகை வருது. அப்பா எங்க போனவர்?”

“அழுகை வந்தாச் சரி. அனுப்பு” என்றேன்.

மூன்று கிழமையில் பதில் வந்தது. இம்முறை நகைச்சுவைப் படங்கள் மட்டும்தானாம். ஆழ்ந்த அனுதாபங்களாம். அம்மாவின் விபரத்தை உதவி செய்யும் நண்பர்களுக்கு அனுப்பிவிட்டார்களாம். ஜெசிந்தா அதை எனக்குக் காட்டிவிட்டு அகராதியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மன்னிப்புக் கேட்க அவள் வீட்டுக்குப் போய் விறாந்தைக் கதிரையில் இருந்த அன்றைக்கே அந்த நண்பர்களும் வந்து சேர்ந்தார்கள். கையில் படிவம், பெட்டியில் பத்துக் கோழிக்குஞ்சு. படலையைத் திறந்தவர் ஜெசிந்தாவின் அப்பா அந்தோனிப்பிள்ளை. மீன்பிடித்துக் கடலால் வந்து குளித்துவிட்டுத் தோளில் துவாயோடு நின்றார்.

“இந்த வீட்டு அம்மாவின்ர கணவர் எப்ப தவறினவர்?” வந்தவர்களில் ஒருவர் மெதுவாகக் கேட்டார்.

அந்தோனிப்பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தார். “எனக்குத் தெரியாது தம்பி. இவாவைத்தான் கேக்கவேணும்.”

கோழிக்குஞ்சுகள் வந்த வழியே திரும்பிப் போயின. எனக்குத்தான் போக ஒரு பொந்தும் கிடைக்கவில்லை.

இன்றைக்கும் என் தலை தெரிந்தால் அவர் குசினிப் பக்கம் குரல் கொடுப்பார்: “என்னைச் சாக்காட்டின பிள்ளை வந்திருக்கு, தேத்தண்ணி போடுங்கோ!” எல்லோரும் சிரிப்பார்கள். மேடை கிடைக்காத ஜெசிந்தா மட்டும் சிரிப்பதில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

இந்த வருடம் அதே படத்தை வேறொரு விழாவுக்கு அனுப்புகிறாள். சுருக்கத்தை அவளே எழுதியிருந்தாள், நாலே வரி.

“ஒருக்காப் பாத்துத் தரட்டோ?” என்று கேட்டேன்.

தாளை மடித்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

“வேண்டாம் அக்கா. அப்பா இன்னும் கொஞ்சக் காலம் இருக்கட்டும்.”