அட்சதை சாப்பிட்ட லேப்டாப்

அன்று காலை எங்கள் வீட்டு ஹாலில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் நழுவக் கூடாது.

என் மனைவி சரோஜா. வலது கண்ணில் புரை எடுத்து நாலு நாள் ஆகியிருந்தது. இடது கண்ணில் இன்னும் எடுக்கவில்லை. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள்.

கீழ்வீட்டு முருகேசன். என்னோடு ஃபேக்டரியில் வேலை பார்த்தவன். வாய் மூடாது.

அவன் மனைவி மல்லிகா. கையில் அட்சதைத் தட்டு.

எதிர்வீட்டு ஷிண்டே காக்கு. மராத்திக்கார அம்மா. தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. தமிழ்ப் படம் ஒன்றுகூட விட்டதில்லை.

நான். (எனக்குப் பேச்சு கம்மி. அன்றைக்குப் பேசிய நாலு வார்த்தையும் தப்பு.)

அப்புறம் புது லேப்டாப். புதுசு என்றால் எங்களுக்குப் புதுசு.

நாங்கள் ஆரணிப் பக்கம். புனே வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. விஷ்ராந்த்வாடியில் இரண்டு ரூம் வீடு. இங்கே கேபிளில் தமிழ் சேனல் இரண்டு வரும். ஒன்று நாள் முழுக்க மிக்ஸி விற்கும். இன்னொன்று மழை பெய்தால் வராது. அதனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லேப்டாப்பை டிவியில் மாட்டித் தமிழ்ப் படம் பார்ப்போம். டிவி என்னுடையது. நெட் காக்குவுடையது. பஜ்ஜி மல்லிகாவுடையது.

பழைய லேப்டாப் கவிதா விட்டுப்போனது. கவிதா என் தம்பி பெண். நர்சிங் படிக்க வந்து மூன்று வருஷம் எங்களோடு இருந்தாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. சரோஜாதான் அவளுக்குத் தலை பின்னினாள், டிபன் கட்டினாள், திட்டினாள். படிப்பு முடிந்து ஊருக்குப் போகும்போது லேப்டாப்பை வைத்துவிட்டுப் போனாள். மூடிமேல் ஒரு பூனை ஸ்டிக்கர் இருந்தது.

அந்த லேப்டாப்பில் இரண்டு கோளாறு. ஸ்கிரீன் எப்போதோ செத்துவிட்டது, டிவியில் மாட்டினால்தான் படம். அடுத்தது, டிவி வயர் சொருகுகிற ஓட்டை லூசு. வயரைக் கட்டைவிரலால் அழுத்தி, கொஞ்சம் மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். விட்டால் படம் போய்விடும். (ஃபிட்டர் ஆச்சே, சரி பண்ணக் கூடாதா என்று கேட்பீர்கள். பண்ணினேன். பண்ணுவதற்கு முன்னால் லேசாகத்தான் ஆடிக்கொண்டிருந்தது.) வயரும் குட்டை. லேப்டாப்பை டிவிக்குப் பின்னால் ஜன்னல் மேடையில்தான் வைக்க முடியும். ஆகவே ஒரு ஆள் டிவிக்குப் பின்னால் உட்கார வேண்டும். இதற்கு வயர் டியூட்டி என்று பெயர். இடைவேளை வரை முருகேசன். அதற்குப் பிறகு நான். ஒரு வருஷமாக எந்தப் படத்திலும் வில்லன் செத்தானா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

இந்த நேரத்தில்தான் கவிதாவுக்குக் கல்யாணம் குதிர்ந்தது. ஆரணியில். சரோஜா புடவை எடுத்து, பெட்டி கட்டி வைத்துவிட்டாள். கண் டாக்டர், ஆபரேஷனைத் தள்ளிப்போட முடியாது என்று கண்ணில் கத்தி வைத்தார். பிரயாணம் கூடாது, புகை கூடாது, அழக் கூடாது என்றார். கல்யாணத்தில் இந்த மூன்றும்தான் இருக்கும்.

சரோஜா சாப்பிடவில்லை. கவிதா போன் பண்ணினாள்.

"பெரிம்மா, லைவா போடறாங்க. டிவில பாரு. தாலி கட்டினதும் கேமராவப் பாத்து உனக்கு ஒரு கும்பிடு போடறேன். உனக்கு மட்டும்."

அதைக் கேட்டபிறகுதான் சரோஜா சோறு தின்றாள். அன்றே என்னிடம் சொன்னாள்.

"ஏங்க, அந்தக் கும்பிடு நான் பாக்கணும். வயர ஆட்டிக் கெடுத்துறாதீங்க."

எனக்கு ரோஷம் வந்தது. லேப்டாப்பை மாற்றுவது என்று முடிவு செய்தேன். பழைய லேப்டாப் விற்கும் கடைக்குப் போனேன். எங்களுடையதைக் கொடுத்து வேறு எடுக்கலாம் என்று நினைப்பு. கடைக்காரர் வயரைச் சொருகிப் பார்த்தார். எடுத்தார். மறுபடி சொருகினார். "அங்கிள், இதை நான் எடுத்துக்கணும்னா நீங்கதான் காசு தரணும்" என்றார் இந்தியில். வேறொன்றைத் தனியாக வாங்கி வந்தேன். பழையதைப் பழைய சாமான் எடுக்கும் பங்கார்காரனுக்குப் போட்டுவிடலாம் என்றேன். சரோஜா பூனை ஸ்டிக்கரைப் பார்த்தாள். பரண்மேல் ஏற்றிவிட்டாள்.

கல்யாண நாள் வந்தது. ஃபேக்டரியில் புது மெஷின் வந்தால் பொட்டு வைத்து, பூ வைத்து, எலுமிச்சம்பழம் வைத்துத்தான் ஓட்டுவோம். எனக்கு அதுதான் தெரியும். புது லேப்டாப்பை டிவிக்கு முன்னால் ஸ்டூலில் வைத்தேன். இதற்கு நீள வயர். சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. பக்கத்தில் எலுமிச்சம்பழம். முருகேசன் பார்த்துவிட்டு, "அண்ணா, இன்னைக்கு இதுக்குத்தான் கல்யாணம் போல" என்றான்.

ஸ்டுடியோக்காரர் அனுப்பிய லிங்க்கை முருகேசன் அழுத்தினான். பிள்ளையார் படம் வந்தது. நாதஸ்வரம் வந்தது. பத்து நிமிஷம் பிள்ளையாரையே பார்த்தோம். பிறகு ஒரு வட்டம் சுற்றியது. டிவி கறுத்தது.

"எதையும் தொடாத" என்றேன்.

"தொடல அண்ணா" என்று சொல்லிக்கொண்டே இரண்டு இடத்தில் தொட்டான்.

மேடை வந்துவிட்டது. சிவப்பு சோபா, ரோஜா மாலை, வாழைமரம், ஐயர். பெண் மணையில் உட்கார்ந்திருந்தது. நெற்றி வரைக்கும் பூ, மோவாய் வரைக்கும் மாலை. நடுவில் முகம் கொஞ்சம்தான் தெரிந்தது. சரோஜாவுக்கு அதுவும் இல்லை. கலர் தெரியும், ஆள் தெரியும், முகம் தெரியாது. "சொல்லிக்கினே இருங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சொன்னேன்.

"பொண்ணு உக்காந்திருக்கு."

"எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கு."

"உங்க தம்பி?"

தேடினேன். பட்டு வேட்டியில் ஒருவர் முதுகைக் காட்டி நின்றார். வழுக்கை. என் தம்பிக்கும் வழுக்கை.

"அதோ நிக்கறான்."

"இளைச்சுட்டாரா?"

"கொஞ்சம்."

(அந்த ஆள் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இளைத்ததைப் பற்றியும் தெரியாது.)

"அவ எதுக்கு இப்படிக் குனிஞ்சு உக்காந்திருக்கா? கவிதா குனிய மாட்டாளே."

"கல்யாணப் பொண்ணு குனியத்தான் செய்யும்."

இதற்குள் காக்கு ஒரு காரியம் செய்தார். மராத்திக் கல்யாணத்தில் மந்திரம் ஒவ்வொரு பத்தி முடியும்போதும் "சாவதான்" என்று முடிப்பார்கள். முடித்ததும் எல்லோரும் அரிசி போடுவார்கள். அதுவே ஏழெட்டுத் தடவை நடக்கும். எங்களுக்குத் தாலி கட்டும்போது ஒரே தடவை. இது காக்குவுக்குத் தெரியாது. டிவியில் ஐயர் மூச்சு விட நிறுத்தினார். காக்கு "சாவதான்" என்று ஒரு பிடி அட்சதையை டிவிமேல் போட்டார். டிவியில் பட்டு அத்தனையும் லேப்டாப்பில் விழுந்தது.

மல்லிகா என்னைப் பார்த்தாள். காக்கு பெரியவர். நெட்டும் அவருடையது. யார் சொல்வது? மல்லிகாவும் ஒரு பிடி போட்டாள். ஐயர் அடுத்த தடவை மூச்சு விட்டார். முருகேசனும் சேர்ந்துகொண்டான். அந்த ஐயருக்கு மூச்சு வாங்கும் வியாதி இருந்திருக்க வேண்டும். நிறுத்திக்கொண்டே இருந்தார். நாங்களும் போட்டுக்கொண்டே இருந்தோம். மல்லிகா நெய் விட்டு மஞ்சள் பிசைந்த அரிசி. கீபோர்டுக்கு மேலே சல்லடை மாதிரி ஓட்டை உண்டு. பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

கெட்டிமேளம் கொட்டியது. மாப்பிள்ளை தாலி கட்டினான். சரோஜா மிச்ச அரிசியை இரண்டு கையாலும் அள்ளிப் போட்டாள். தட்டு காலி.

"கும்பிட்டாளா?" என்றாள்.

பார்த்தேன். பெண் பக்கத்தில் யாரிடமோ கைக்குட்டை கேட்டுக்கொண்டிருந்தது.

"கும்பிட்டாளாங்க?"

"கூட்டத்துல மறந்திருக்கும்."

சரோஜா கையை எடுத்துக்கொண்டாள். "கவிதா மறக்க மாட்டா" என்று மட்டும் சொன்னாள். மல்லிகா அவசரமாக எல்லோருக்கும் பாயசம் ஊற்றினாள். குடித்தோம்.  

போன் அடித்தது. தம்பி.

"அண்ணா, பாத்துக்கினு இருக்கியா? கொஞ்சம் லேட்டாயிடுச்சு. இப்பத்தான் பொண்ணு கூரைப்புடவை மாத்தப் போயிருக்கா. எல்லாரும் தயாரா இருங்க."

"சரி" என்றேன். வைத்துவிட்டேன்.

"யாரு?" என்றாள் சரோஜா.

"தம்பி."

"இன்னா சொன்னாரு?"

"பொண்ணு கூரைப்புடவை மாத்தப் போயிருக்காம்."

சரோஜா பாயசத்தைக் கீழே வைத்தாள்.

"தாலி கட்டிட்டு எதுக்குக் கூரைப்புடவை?"

முருகேசன் லேப்டாப்பைக் குனிந்து பார்த்தான். மேலே இருந்த பேரைப் படித்தான். "அண்ணா, இது அதே ஸ்டுடியோதான். ஆனா வேற மண்டபம்." நம்முடைய படம் நின்றதும் அதுவாகவே அடுத்த கல்யாணத்துக்குத் தாவியிருக்கிறது. இல்லை, முருகேசன் தொட்ட இரண்டு இடத்தில் ஒன்று தாவ வைத்திருக்கிறது. அவன் இன்றும் ஒத்துக்கொள்ளவில்லை.

காக்கு என்ன விஷயம் என்று கேட்டார். மல்லிகா சொன்னாள். காக்கு வாயில் கை வைத்துக்கொண்டார். அப்புறம், "போகட்டும், அந்தப் பிள்ளைகளும் நன்றாக இருக்கட்டும்" என்று மராத்தியில் சொன்னார்.

"சரி, நம்ம லிங்க்கப் போடு" என்றேன்.

முருகேசன் பட்டனை அழுத்தினான். அரிசிமேல் அழுத்தினான். போகவில்லை. அரிசியைக் கொட்டலாம் என்று லேப்டாப்பைத் தலைகீழாகத் தூக்கி உதறினான். மேலே இருந்தது கொஞ்சம் கீழே விழுந்தது. மிச்சம் உள்ளே போனது. உள்ளே ஃபேன் மாவு மில் மாதிரி ஒரு சத்தம் போட்டது. நின்றது. டிவி நீலமாகிவிட்டது. எலுமிச்சம்பழம் உருண்டு சோபாவுக்கு அடியில் போனது.

காக்குவின் போனில் போட்டுப் பார்த்தோம். சரோஜா அதை மூக்குவரை கொண்டுபோனாள். தள்ளிப் பிடித்தாள். "சேப்பா ஏதோ அசையுது" என்றாள். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். குரல் சரியில்லை. அழக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

நான் பரணைப் பார்த்தேன்.

முருகேசன் ஸ்டூலைப் பிடித்தான். ஏறி எடுத்தேன். பூனைமேல் தூசி. ஜன்னல் மேடையில் வைத்துச் சொருகினேன். அது எழுந்திருக்க நேரம் எடுக்கும், எப்போதுமே. காக்கு போனைப் பார்த்துக்கொண்டு, பெண் வந்தாயிற்று, மாலை மாற்றியாயிற்று என்று மராத்தியில் ஒப்பித்தார். முருகேசன் ஒரு கையால் வயரைப் பிடித்துக்கொண்டு, டிவியை எட்டிப் பார்த்து லிங்க்கை அழுத்தினான். இந்தத் தடவை ஒரே ஒரு இடத்தில் தொட்டான்.

"வயர நான் பிடிக்கறேன் அண்ணா. நீ பாரு. உன் தம்பி பொண்ணு" என்றான்.

விட்ட கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். 

"நான் பிடிக்கறேன்" என்றேன்.

டிவிக்குப் பின்னால் குந்தினேன். கட்டைவிரலால் அழுத்தி, கொஞ்சம் மேலே தூக்கினேன்.

"வந்துடுச்சு" என்றாள் மல்லிகா.

எனக்கு டிவியின் முதுகு தெரிந்தது. ஓரமாகச் சரோஜா தெரிந்தாள். லேப்டாப் ஸ்கிரீன்தான் செத்துவிட்டதே. நாதஸ்வரம் மட்டும் கேட்டது. காக்கு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கெட்டிமேளம் வந்தது. கட்டைவிரல் மரத்துவிட்டது. நான் அசையவில்லை. மூச்சும் விடவில்லை. போட அட்சதை இல்லை.

"கும்பிடறா, கும்பிடறா" என்றாள் மல்லிகா. சரோஜா எழுந்து நின்றாள்.

"நம்ம பொண்ணு" என்றாள். முகம் அவளுக்குத் தெரிந்ததா என்று நான் கேட்கவில்லை.

அப்புறம் இரண்டு கையும் கூப்பி, டிவியைப் பார்த்துக் கும்பிட்டாள். ரொம்ப நேரம் கும்பிட்டாள். டிவிக்குப் பின்னால் நான். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் என் பக்கம் பார்த்துக் கும்பிட்டது அதுதான் முதல் தடவை. தண்ணீர் கறுப்புக் கண்ணாடிக்கு அடியில் வந்தது. டாக்டரிடம் சொல்லவில்லை.

இப்போது ஊரில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் தம்பி வாசலிலேயே நிற்பான். "அண்ணா, இது நம்ம கல்யாணம்தானா, பேரப் படிச்சுட்டு உள்ள போ" என்பான். நான் படித்துவிட்டுத்தான் போகிறேன்.

புது லேப்டாப்பை ரிப்பேர் பண்ணினவர் ஒரு சின்னப் பொட்டலம் கொடுத்தார். உள்ளே இருந்து எடுத்த அரிசி. மெஷினிலிருந்து வந்த எதையும் நான் தூக்கிப் போடுவதில்லை. சரோஜா வாங்கிச் சாமி மாடத்தில் வைத்தாள். கவிதா மாப்பிள்ளையோடு விருந்துக்கு வந்தபோது சரோஜா பொட்டலத்தை எடுத்தாள். "வேற யாருக்கோ போட்டது இது இல்ல. போய்ச் சேராம நின்னது. உனக்குத்தான்" என்றாள். உடைந்த அரிசி அட்சதைக்கு ஆகாது என்றாள் மல்லிகா. நான் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஃபேன் உடைத்ததைத் தனியாக ஒதுக்கி, முழு அரிசியை மட்டும் ஒவ்வொன்றாக எண்ணிக் கொடுத்தேன். சரோஜா இரண்டு பேர் தலையிலும் போட்டாள்.

மாப்பிள்ளை நல்ல பையன். கொஞ்சம் குறும்பு. எங்கே பார்த்தாலும், எத்தனை பேர் இருந்தாலும், என்னிடம் ஒரே கேள்விதான்.

"எத்தனை மாமா?"

சொல்லுவேன்.

பத்தொன்பது.